கேபினுக்குள் பெய்த மழை: பழைய பிக்கப்பில் ஒழுகல் தேடிய கதை

ஐப்பசி பிறந்துவிட்டால் அப்பாவுக்கு ஒரு வேலை காத்திருக்கும். பிக்கப்பின் இடது பக்கம், கால் வைக்கிற இடத்தில், இரண்டு சணல் சாக்கை மடித்துப் போடுவார். ராத்திரி மழை பெய்து ஓய்ந்தால் காலையில் அதை எடுத்து வாசலில் வைத்துப் பிழிவார். துரு நிறத்தில் தண்ணீர் கொட்டும். பிழிந்த சாக்கை முருங்கைக் கிளையில் போட்டுவிட்டு, காய்ந்த சாக்கை விரிப்பார். தை பிறக்கும் வரை இதேதான். 2014-ல் அந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். பத்து மழைக்காலம் சாக்கிலேயே போனது.

எங்கள் ஊர் பண்ருட்டிக்குப் பக்கம். பலா, முந்திரி, கொய்யா. பலா சீசனில் ராத்திரி லோடு கோயம்பேட்டுக்குப் போகும், மற்ற நாளில் கொய்யாவும் காய்கறியும் உள்ளூர் மண்டிக்குப் போகும். வண்டி 2008 மாடல், சிங்கிள் கேபின், ஏசி கிடையாது. முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும் பழைய வகை. எஞ்சின் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாத எஞ்சின். ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்தால் மூடி வைத்த கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு வாடை அடிக்கும். பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடும், மேடு ஏறினால் சீட்டுக்கு அடியில் போகும். காலடியில் அது நகர்வது காதில் கேட்கும்.

"பழைய வண்டின்னா ஒழுகத்தான்டா செய்யும்" என்பார் அப்பா. நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். 2023 மார்கழியில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, மண்டிக்குக் கூட வந்துபோன அம்மாவுக்குக் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. வயலில் இறங்காமலேயே வந்தது. பித்தவெடிப்பு உள்ள காலை இரண்டு மணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்து வந்திருக்கிறார். இன்னொன்று, ஒரு நாள் நடுராத்திரி நிறுத்தி வைத்திருந்த வண்டியில் ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. பேட்டரி வயரைக் கழற்றித்தான் நிறுத்த முடிந்தது. எலக்ட்ரீஷியன் வந்து இடது பக்கக் கால் ஓரத்தில் இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே செம்புத் தகடுகள் மேல் பச்சை பச்சையாகப் பூத்திருந்தது. "இது ஃப்யூஸ் பிரச்சினை இல்ல, தண்ணிப் பிரச்சினை. தண்ணியை நிறுத்தாம இதை மாத்துனா காசுதான் தண்டம்" என்றார். அவர் சொன்னதுதான் எனக்கு ஆரம்பம்.

அதற்கு முன்னால் மூன்று பட்டறைகளில் காட்டியிருந்தோம். மூன்று பேரும் ஒரே இடத்தைத்தான் கை காட்டினார்கள்: முன் கண்ணாடி. மூன்று பேரும் செய்தது ஒரே வேலை: பீடிங்கைச் சுற்றிலும் சிலிக்கான். ஒருவர் பூசிய பிறகு ஒழுகல் கொஞ்சம் கூடவே ஆனது. அது ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. பீடிங்குக்குள் போன தண்ணீர் கீழ் ஓரத்தில் வெளியே வடிய இருந்த வழியையும் சேர்த்து அந்த சிலிக்கான் அடைத்துவிட்டது. உள்ளே போகிற வழி திறந்தே இருக்க, வெளியே வருகிற வழியை மூடினால் தண்ணீர் வேறு எங்கே போகும்?

சரி, இந்த முறை ஒன்றையும் பூசுவதில்லை, முதலில் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். 2024 ஆவணியில், மழைக்கு இரண்டு மாதம் முன்னால் ஆரம்பித்தேன். தேட வேண்டியது மழையின் வழியை என்றாலும் வேலையைச் செய்ய வெயில் காலம்தான் சரி. உள்ளே எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்திருந்தால்தான் புதிதாக வருகிற ஒரு சொட்டு கண்ணில் படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏசி உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு. கேபின் தரையில் நிற்பது எல்லாம் மழைத் தண்ணீர் ஆகிவிடாது. ஏசி ஓடும்போது உள்ளே குளிர்ந்து சொட்டும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போக வேண்டும். அந்தக் குழாயில் தூசி அடைத்தால் அது அப்படியே இடது பக்கக் காலடிக்கு வரும். சுத்தமாக, வாடை இல்லாமல், வெயில் நாளிலும் வரும். ஹீட்டர் உள்ள வண்டியில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்தாலும் அங்கேதான் தேங்கும். அது விரலில் பிசுபிசுக்கும், இனிப்பான வாடை அடிக்கும், கண்ணாடியில் எண்ணெய்ப் பசை மாதிரி படியும். விஷம், நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. எங்கள் வண்டியில் இரண்டும் இல்லாததால் அந்தச் சந்தேகம் எழவில்லை.

முதல் நாள் முழுக்கக் கேபினைக் காலி செய்வதிலேயே போனது. சீட்டின் போல்டுகள் துருவில் பிடித்துக்கொண்டிருந்தன. ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்துக் காலையில் கழற்றினேன். மேலே ரப்பர் மேட். அதை எடுத்தால் அடியில் விரல் தடிமனுக்கு ஒரு ஃபெல்ட். சத்தமும் எஞ்சின் சூடும் உள்ளே வராமல் இருக்கப் போடுவது. ஆடி வெயில் காய்ந்து முடிந்த பிறகும் அந்த ஃபெல்ட்டின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. மேல் மேட் காய்ந்திருக்கிறது, ஆகவே உள்ளே காய்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஃபெல்ட் ஈரத்தை மாசக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டு தகரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. அதைப் பிரித்து எடுத்தபோது தரைத் தகரமும் செதில் செதிலாகக் கூடவே வந்தது. ஒரு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்தேன், அது வழுக்கிக்கொண்டு கீழே மண்ணைத் தொட்டது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் டார்ச் லைட்டை எடுத்து வந்து கொடுத்தார்.

மூன்று நாள் கதவைத் திறந்து போட்டு வெயிலில் காயவைத்த பிறகு குழாய் வேலை. இதில் இரண்டு விஷயம் முக்கியம். தண்ணீர் மழை மாதிரி மெதுவாக விழ வேண்டும். வாட்டர் வாஷ் பம்பை வைத்துப் பீய்ச்சினால் எந்த மழையும் நுழையாத இடத்தில் எல்லாம் தண்ணீர் நுழைந்துவிடும், இல்லாத ஓட்டைகள் கணக்கில் சேரும். அப்புறம், கீழிருந்து மேலே போக வேண்டும். கூரையில் ஆரம்பித்தால் தண்ணீர் வழிந்து கண்ணாடி, கதவு, பானட் எல்லாவற்றையும் நனைத்துவிடும். உள்ளே சொட்டினால் எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. முதலில் சக்கரத்துக்கு மேல் வளைவு, அப்புறம் கதவின் அடி, அப்புறம் வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜாலி, அப்புறம் கண்ணாடியின் கீழ் ஓரம், பக்க ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம். வெளியே என் தம்பி குழாயோடு, உள்ளே நான் டார்ச்சோடு.

கண் மட்டும் போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. துருப்பிடித்த பழுப்புத் தகரத்தில் மெல்லிய நீர்க்கோடு தெரிவதே இல்லை. அம்மாதான் கோலமாவு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். தரையிலும், டேஷ்போர்டுக்குக் கீழ்ச் சுவரிலும், கதவுத் தூணின் அடியிலும் மெல்லிசாகத் தூவினோம். செங்குத்தான இடத்தில் கோலமாவு நிற்காது, அங்கே முகப் பவுடர். ஒரு சொட்டு நகர்ந்தாலும் வெள்ளையில் கறுப்புக் கோடு விழும். கோடு எங்கே தொடங்குகிறது என்று பின்னாலேயே போனால் போதும்.

இன்னொரு யோசனையும் அம்மாவுடையதுதான். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து வந்தால் எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டவர், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்தார். இன்னொரு வாளியில் கேசரிப் பவுடர். ஜாலிக்குள் ஊற்றுவது நீலம், கூரையில் ஊற்றுவது ஆரஞ்சு. உள்ளே வந்து சேரும் தண்ணீரை வெள்ளைத் துணியில் ஒற்றினால் அதன் ஊர் தெரிந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவு இருபது ரூபாய்கூட இருக்காது.

முதலில் மாட்டியது கதவு. கதவைப் பற்றி எனக்கு இருந்த நினைப்பே தப்பு. ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கண்ணாடி வழியே வழியும் மழை ஒவ்வொரு கதவுக்குள்ளும் இறங்கத்தான் செய்யும். அது தெரிந்துதான் கதவை வடிவமைக்கிறார்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் கதவின் அடியில் உள்ள சின்னத் துளைகள் வழியாகத் தெருவில் வடிந்துவிட வேண்டும். உட்பக்கம், ரெக்சின் பேடுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் ஷீட் கருப்புப் பசையால் ஒட்டியிருக்கும். தெறிக்கும் தண்ணீரை மறுபடி கதவுக்குள்ளேயே திருப்பி விடுவது அதன் வேலை. எங்கள் இடது கதவில் முன்பு யாரோ ஸ்பீக்கர் மாட்டுவதற்காக அந்த ஷீட்டை வட்டமாக அறுத்து எறிந்திருந்தார்கள். அடித் துளைகளில் சேறு கல்லாக இறுகியிருந்தது. கதவை ஆட்டினால் உள்ளே களக் களக்கென்று சத்தம். ஒரு கம்பியை விட்டுக் குத்தியதும் சொம்பு சொம்பாகக் கொட்டியது. புது பாலித்தீன் ஷீட்டை வெட்டி, காயாத வகை பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டினேன். கீழ் ஓரம் கதவின் உள்ளே, வடியும் பக்கமாக, திரும்பி இருக்க வேண்டும். வெளியே தொங்கினால் ஒட்டியும் பயன் இல்லை.

கதவு இறங்கியும் இருந்தது. ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். கீழே பிடித்தது, மேல் மூலையில் சும்மா வந்தது. பதினாறு வருடம் திறந்து மூடியதில் கீல் ஊசி தேய்ந்து கதவின் மறுமுனை தொங்கிவிட்டது. ஊசியையும் புஷ்ஷையும் மாற்றியதும் காகிதம் சுற்றிலும் பிடித்தது. புது பீடிங் வாங்கத் தேவையே வரவில்லை.

அடுத்தது ஜாலி. இங்கே நான் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும், ஏனென்றால் பழைய வண்டி வைத்திருக்கிற முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். முன் கண்ணாடியில் விழும் மழை முழுக்க வைப்பர் அடியில் உள்ள ஜாலிக்குள் இறங்கி, ஒரு தொட்டி மாதிரி இடத்தில் சேர்ந்து, இரண்டு பக்கமும் உள்ள வாய்க்கால் வழியாகச் சக்கரத்துக்குப் பின்னால் வடியும். கேபினுக்குக் காற்று வரும் வாயும் அதே தொட்டியில், கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. வாய்க்கால் அடைத்தால் தொட்டி நிரம்பும். நிரம்பினால் காற்றுக்கு வைத்த வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். எங்கள் வண்டி நிற்பது புளியமரத்தடியில். புளிய இலை எவ்வளவு சின்னது, எந்த ஜாலியும் அதைத் தடுக்காது. ஜாலியைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாக, கையில் எடுத்தால் உருண்டை பிடிக்கிற பதத்தில், நல்ல இலைமக்கு. ஒரு மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு புளியங்கன்று வெளிறிப் போய் நின்றிருந்தது. இரண்டு இலைக் கொத்து, நூல் மாதிரி வேர். அதைப் பிடுங்க மனசில்லாமல் மண்ணோடு எடுத்து அம்மா ஒரு டப்பாவில் வைத்தார்.

அள்ளுவதற்கு முன்னால் நீல வாளியை ஊற்றிப் பார்த்திருந்தோம். நாலு நிமிடத்தில் உள்ளே நீலம் வந்தது. அள்ளி, வாய்க்காலில் தோட்டத்துக் குழாயை விட்டுக் கழுவி, மறுபடி ஊற்றினோம். சக்கரத்துக்குப் பின்னால் நீலமாக ஓடியது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. முடிந்தது என்று நினைத்துக் கைகழுவினேன். அன்று ராத்திரி எதிர்பாராமல் ஒரு மழை. காலையில் பார்த்தால் கோலமாவில் இடது தூணின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு நேராகத் தரைக்கு இறங்கியிருந்தது.

கதவும் ஜாலியும் சேர்ந்து பாதித் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கின்றன. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. ஒரு ஒழுகலை அடைத்ததும் இன்னொன்று ஒழுகினால், முதல் வேலை வீண் என்று தோன்றும். வீண் இல்லை. பழைய வண்டியில் ஒழுகல் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஒன்றை எடுத்த பிறகுதான் அடுத்ததன் முகம் தெரியும்.

அன்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா சாதாரணமாக ஒன்று சொன்னார்: "கோயம்பேட்டுல எவ்ளோ மழையில நின்னாலும் இந்தப் பக்கம் இவ்ளோ நனையாது. அங்க நின்னா என் முதுகுப் பக்கந்தான் ஈரமாவும்."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பத்து வருடம் அந்த வண்டியை ஓட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் வாசலில் வண்டி நிற்கிற இடம் தெரு வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்திருக்கும், இடது முன்சக்கரம் மற்றதை விடத் தாழ்ந்து நிற்கும். கோயம்பேட்டில் லோடு இறக்கும்போது நிலைமை வேறு. வண்டியின் சாய்வு மாறினால் ஈரமாகும் இடமும் மாறுகிறது என்றால், தண்ணீர் நுழைவது இந்த இரண்டு இடத்திலும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக, இரண்டுக்கும் மேலே எங்கோ நுழைந்து, சாய்ந்த பக்கம் ஓடுகிறது. மேலே என்றால் கூரைதான்.

ஆனால் கண்ணாடியை விட்டுவிடவும் மனசு வரவில்லை. மூன்று பட்டறை சொன்னது ஆயிற்றே. ஆகவே கண்ணாடியை முழுக்க, பீடிங்கோடு சேர்த்து, பாலித்தீன் ஷீட் போட்டு நாலு பக்கமும் பாக்கிங் டேப்பால் ஒட்டினோம். ஒரு சொட்டு அந்தப் பக்கம் போக வழியில்லை. அப்புறம் ஆரஞ்சு வாளியைக் கூரை மேல் மெதுவாக ஊற்றினோம். ஒரு வாளி, இரண்டு வாளி. ஒன்றும் இல்லை. தம்பிக்குக் கை வலித்தது. மூன்றாவது வாளி ஊற்றி, மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும், தூணின் அடியில் வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு விழுந்தது. நல்ல கேசரி நிறம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்று தடவை சிலிக்கான் பூசிய கண்ணாடி இந்த ஒழுகலில் ஒரு பாவமும் அறியாதது.

கூரையின் உட்பக்க ரெக்சினைக் கழற்றினோம். தகரத்தின் அடிப்பக்கம், நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கமாக, நாலு வட்டத் துருக்கறை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. எங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் கூரை மேல் பெயர்ப் பலகை மாட்டியிருந்தார், சீரியல் லைட்டோடு. வாங்கியதும் அப்பா அதைக் கழற்றி, துளைகளில் எபாக்ஸி பசையைத் திணித்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டார். வெளியே இருந்து பார்த்தால் இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் கூரை அது. பகலில் விரியும், ராத்திரி சுருங்கும், குண்டு குழியில் அதிரும். இறுகிய பசை அதோடு சேர்ந்து விரிந்து சுருங்காது. ஓரத்தில் மயிரிழை அளவுக்கு விட்டுப்போகும். அந்த இடைவெளி தண்ணீருக்குத் தாராளம். இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்து ஓரத்தை நீரில் தொட்டால் தண்ணீர் தானாக நடுவில் ஏறுமே, அதே மாதிரி மெல்லிய பிளவு தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

உள்ளே இறங்கிய தண்ணீர் அங்கேயே சொட்டியிருந்தால் பத்து வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்திருப்போம். அது கூரைக்குக் குறுக்கே போகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்த பக்கமாக ஓடி, கேபின் விளக்குக்குப் போகும் வயரைத் தொட்டிருக்கிறது. வயர் இடது தூணுக்குள் இறங்கி நேராக ஃப்யூஸ் பெட்டிக்குப் போகிறது. தண்ணீரும் அதன் மேலேயே நடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஹாரன் தானாக அடித்த கதை இதுதான். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைச் சுவரில் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றி மாட்டுவார்கள். வயர் வழியாக வரும் மழை அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் போகாது. வண்டி வயருக்கும் அதே விதிதான். எலக்ட்ரீஷியன் புதுப் பெட்டி மாட்டியபோது எல்லா வயரையும் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, கீழிருந்து மேலாகப் பெட்டிக்குள் ஏற்றச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

டிங்கர் அண்ணன் கூரையைப் பார்த்ததும் பழைய பசையை எல்லாம் கொத்தி எடுத்தார். துளைகளைச் சுற்றித் துருப்பிடித்த தகரத்தை வெள்ளித் தகரம் தெரியும் வரை தேய்த்து, நாலு சின்னத் தகட்டு வட்டங்களை வெல்டிங் வைத்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, மேலே சீம் சீலன்ட் பூசினார். அது காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இழுபடும், தகரம் விரிந்தால் கூடவே விரியும். வெல்டிங் வைக்கும்போது உள்ளே நான் ஈரச் சாக்கோடு நின்றேன், பொறி விழுந்தால் அணைக்க. அப்பாவின் சாக்குதான்.

இவ்வளவு ஆன பிறகு கண்ணாடியை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பீடிங் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. அண்ணன் விரலால் அழுத்தினார், அமுங்கியது. பட்டறைகளில் பூசிய மலிவான சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம், இரும்பை அரிக்கும். ஒழுகாத கண்ணாடியை மூன்று தடவை 'சரி' செய்து அதற்கு அடியில் துருவை வளர்த்திருக்கிறோம். அந்த வகை சிலிக்கான் பூசிய இடத்தில் பிறகு பெயிண்டோ வேறு பசையோ ஒட்டுவதும் கஷ்டம். பிளேடால் சுரண்டியே எடுக்க வேண்டும், அதற்கு ஒரு முழு நாள் ஆனது.

கண்ணாடி மாற்றும் பெரியவர் ஒருவர் வந்தார். புது வண்டிகளில் கண்ணாடியை யூரித்தேன் பசையில் ஒட்டுகிறார்கள், அது வேறு வேலை. ரப்பர் பீடிங் வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தது எனக்குக் கிடைத்த பாக்கியம். பழைய பீடிங்கை அறுத்து எடுத்து, துருவைத் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலத் திரவம் தடவிப் பிரைமர் அடித்துக் காயவிட்டார். புது பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டினார். அப்புறம் சுண்டுவிரலில் பாதி கனத்தில் ஒரு நைலான் கயிற்றை, பீடிங்கின் வெளிப் பள்ளத்தில் சுற்றிலும் அமுக்கி, இரண்டு முனைகளையும் கீழ் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கவிட்டார். பள்ளத்தில் சோப்புத் தண்ணீர். கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் வைத்து, கயிற்று முனைகளை உள்ளே போட்டுவிட்டு, அவர் கேபினுக்குள் உட்கார்ந்தார். என்னை வெளியே நின்று உள்ளங்கையால் தட்டச் சொன்னார்.

உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்தார். கயிறு வெளியே வர வர, பீடிங்கின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்பக்கம் மடங்கி உட்கார்ந்தது. ஒரு அங்குலம் இழுப்பார், நிற்பார், நான் அந்த இடத்தில் தட்டுவேன், அடுத்த அங்குலம். மூலைக்கு வந்ததும் நான் கொஞ்சம் வேகமாகத் தட்டிவிட்டேன். "தம்பி, மூலைல அவசரப்படாத. கயிறு தானா வரும்" என்றார். வந்தது. கடைசி முனை வெளியே வந்தபோது டப்பென்று ஒரு சத்தம், கண்ணாடி அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் உதட்டைத் தூக்கித் தூக்கி, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும், ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவிலும், காயாத கருப்பு சீலன்ட்டை மெல்லிய கோடாக விட்டார். கீழ் ஓரத்தில் நடுவில் மட்டும் விடவில்லை. ஏன் என்று கேட்டேன். "போன தண்ணி வெளிய வரணும்ல" என்றார்.

தரைத் தகரத்தில் இரண்டு இடத்தில் ஒட்டு வைத்தோம், இடது தூணுக்குக் கீழே உள்ள வடிகால் துளையைக் கம்பியால் திறந்தோம். ஃபெல்ட்டை உடனே போடவில்லை. ஒரு மழைக்காலம் வெறும் தகரமாகவே இருக்கட்டும், சத்தம் வந்தால் வரட்டும் என்று அப்பாவே சொன்னார்.

அந்த மழைக்காலம் ஃபெஞ்சல் புயலோடு வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தது, கெடிலம் ஆற்றிலும் வெள்ளம். எங்கள் பக்கத்தில் நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்கள் உண்டு. அந்த நாட்களில் ஒரு வண்டியின் ஒழுகலைப் பற்றி யாரும் நினைக்க முடியாது. ஆனால் வண்டி தேவைப்பட்டது. தண்ணீர் வடிந்ததும் அரிசியும் பாயும் பால் பாக்கெட்டும் ஏற்றிக்கொண்டு ஆற்றோர ஊர்களுக்கு அப்பாவும் தம்பியும் போய்வந்தார்கள். ஹாரன், விளக்கு, வைப்பர் எல்லாம் வேலை செய்தது.

புயலுக்கு முந்தின சாயங்காலம் கேபின் தரையில் கோலமாவு தூவி வைத்திருந்தேன். டிசம்பர் 1 காலையில் மழை கொஞ்சம் தணிந்தபோது குடையோடு போய் இடது கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். மாவு தூவியபடியே இருந்தது. தூணின் அடியிலிருந்து சீட்டு வரைக்கும் ஒரு பல்லி நடந்து போன தடம் மட்டும், விரல்களும் வாலும் தெளிவாக. அம்மா வழக்கமாகக் கால் வைக்கிற இடத்தில் குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன், விரல் வெள்ளையாக வந்தது.

வலது பக்கம், கிளட்ச் பெடலுக்கு மேலே, எட்டணாக் காசு அளவுக்கு ஒரு ஈரம். ஸ்டியரிங் தண்டு சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் உள்ள ரப்பர் உறையாகத்தான் இருக்க வேண்டும். சொட்டு நீலம் இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது.